லூப்பேயின் வெள்ளிக்கிழமைத் தாச்சி

போன சனிக்கிழமை மகன் என்னை ரோவில் என்ற பக்கத்து ஊரில் ஒரு கார்த் தரிப்பிடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனான். கடைக்குத்தான் போகிறோம் என்று நினைத்து நான் பையும் கையுமாக இறங்கினேன். பார்த்தால் கடை இல்லை. ஏழெட்டு வான்கள் வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொன்றின் விலாவிலும் ஒரு ஜன்னல் திறந்திருக்கிறது, ஜன்னலுக்கு முன்னால் சனம். ஒரு வானில் மண்டையோட்டைக் கீறி அதற்குப் பூமாலையும் போட்டிருந்தார்கள். சாப்பாட்டு வண்டியில் மண்டையோடு என்னத்துக்கு என்று கேட்டேன். "அது மெக்சிக்கன், அம்மா. அப்பிடித்தான் கீறுவினம்" என்றான். நான் மேலே கேட்கவில்லை. ஏனென்றால் அந்த நேரம் ஜன்னலுக்குள் நின்ற பிள்ளை சூடான தட்டில் ஒரு ரொட்டியைப் போட்டாள்.

மணம் வந்தது. சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணீரில் அவித்து அரைத்த மா இரும்பில் படும்போது வருகிற மணம் அது. எப்படிச் சொன்னால் உங்களுக்கு விளங்கும்? வெள்ளையடித்த சுவரில் முதல் மழை பட்டால் ஒரு வாசம் எழும்புமே, அதோடு சுட்ட சோளத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நான் அப்படியே நின்றுவிட்டேன். மகன் பயந்துபோய், "அம்மா, இருக்கப் போறீங்களோ? கதிரை கொண்டுவரட்டோ?" என்று கேட்டான். என் காலில் ஒரு பிழையும் இல்லை. எண்பத்தொரு வயதில் இன்றைக்கும் நானே பஸ் ஏறி டண்டினொங் சந்தைக்குப் போய்வருகிறேன். நாற்பது வருடத்துக்கு மேலாக மூக்கில் படாத மணம் பட்டால் யாரும் கொஞ்சம் நிற்கத்தான் செய்வார்கள்.

எழுபத்தெட்டாம் ஆண்டு, ஊரை விட்டு இந்த நாட்டுக்கு வந்த புதிதில், நான் டண்டினொங்கில் ஒரு தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தேன். கார்களுக்குள்ளே ஓடுகிற வயர்களைப் பலகையில் அடித்த ஆணிகளின் வழியே இழுத்துச் சுற்றி, கட்டுக்கட்டாகக் கொடுக்கும் வேலை. சிவப்பு ஆணிக்குச் சிவப்பு வயர், நீல ஆணிக்கு நீல வயர். எழுத்துத் தேவையில்லை, கண்ணும் விரலும் போதும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் ஒரு மாதத்துக்குள் அந்த வரிசையில் எல்லாரையும் விடக் கெதியாகக் கட்டினேன் என்றால், அதை நான் சொல்லாமல் வேறு யார் சொல்லப் போகிறார்கள்?

விரல்தான் அங்கே இருந்தது. மனம் யாழ்ப்பாணத்தில். எங்கள் மூத்தவள் வதனி அங்கே நின்றுவிட்டாள்; மகன் பிறகு இங்கே பிறந்தவன். விசாவுக்காக எல்லாருக்கும் மருத்துவச் சோதனை வைத்தபோது அவளுடைய நெஞ்சு எக்ஸ்ரேப் படத்தில் ஒரு நிழல் தெரிந்தது. ஏழு வயதுப் பிள்ளை. மாதக்கணக்கில் மருந்து குடிக்க வேண்டும், நிழல் போனபிறகு திரும்பப் படம் எடுக்க வேண்டும், அதுவரை வரமுடியாது என்று சொல்லிவிட்டார்கள். என் வீட்டுக்காரருக்கு இங்கே வேலை சரிவந்திருந்தது. வந்துசேரத் திகதியும் கொடுத்திருந்தார்கள். பிள்ளையை என் பெரியக்காவிடம் விட்டுவிட்டு நாங்கள் இரண்டு பேரும் விமானம் ஏறினோம். எப்படி ஏறினாய் என்று கேட்காதீர்கள். ஏறினேன்.

ஏறமுன்னர் முருகனிடம் ஒரு சொல் கொடுத்தேன். வதனி நல்ல நெஞ்சோடு என்னிடம் வந்து சேரும்வரைக்கும் வெள்ளிக்கிழமைகளில் மச்சம் தொடமாட்டேன். மீன், இறைச்சி, முட்டை ஒன்றும் என் வாயில் படாது. எங்கள் ஆட்களில் அநேகம்பேர் வெள்ளியில் மரக்கறிதானே, அதில் என்ன புதுமை என்று நீங்கள் கேட்கலாம். அது பழக்கம். பழக்கம் பிசகினால் தலைக்கு முழுகிவிட்டுப் போகலாம். இது கொடுத்த சொல். சொல் பிசகினால் அந்தப் பிள்ளையின் நெஞ்சுக்கு ஆகாது என்று நான் முழுமனதாக நம்பினேன். இன்றைக்கும் முழுக்க நம்பாமல் இல்லை.

காலை ஒன்பதரைக்கு மணி அடிக்கும். அந்த இடைவேளைக்கு அங்கே ஸ்மோகோ என்று பெயர். புகை பிடிக்காதவர்களுக்கும் ஸ்மோகோதான். மணி அடித்ததும் சனம் வாசற்கதவுக்கு ஓடும். நான் ஓடுவதில்லை. பாணுக்குள் சம்பலை வைத்துத் தாளில் சுற்றிக்கொண்டு வந்து, மூலையில் இருந்து கடிப்பேன். என் பக்கத்துப் பலகையில் மேரி நின்றாள். மலேசியாவில் ஈப்போ என்ற ஊர்த் தமிழ்ப் பிள்ளை, கத்தோலிக்கர். புருஷன் இங்கே படிக்க, அவள் வேலை செய்தாள். வாய் ஓயாத பிள்ளை.

"அக்கா, வாங்க லா. ஒரு தடவ வந்து பாருங்க. தெனம் அந்தக் காஞ்ச ரொட்டியவே கடிச்சிகிட்டு இருக்கீங்க, பாக்கவே பாவமா இருக்கு."

"எனக்கு ஒருத்தரும் பாவம் பாக்கத் தேவையில்லை" என்று சொல்லிக்கொண்டுதான் எழும்பிப் போனேன்.

வாசலுக்கு வெளியே ஒரு பச்சை வான் நின்றது. முந்தி அது பாண் விற்ற வானாக இருக்கவேண்டும்; பச்சைப் பெயின்டுக்குக் கீழே பழைய எழுத்துகள் மேடாகத் தெரிந்தன. முன் இருக்கையில் ஒரு பெரிய வெள்ளைக்காரர் பத்திரிகை வாசித்துக்கொண்டிருந்தார். அவர் போலந்துக்காரர், முந்திக் கப்பலில் வேலை செய்தவர். இரண்டு வருடத்தில் அவர் வானை விட்டு இறங்கி நான் கண்டதில்லை. பின்னால், ஜன்னலுக்குள், ஆண்கள் போடுகிற சுவெட்டர் போட்டு, கையை முழங்கை வரை மடித்துவிட்டு, தடித்த ஒற்றைப் பின்னலோடு ஒரு கட்டையான பெண் நின்றாள். அவள்தான் லூப்பே. மெக்சிக்கோவில் வெராகுரூஸ் என்ற துறைமுக ஊர்க்காரி. அந்தத் துறைமுகத்துக்கு வந்த கப்பல்காரரைக் கல்யாணம் செய்து, அவர் போன இடமெல்லாம் போய், கடைசியில் டண்டினொங்கில் வந்து நின்றவள்.

அவள் வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டே நிற்கலாம். மா உருண்டையை இரண்டு பலகைக்கு நடுவே வைத்து ஒரு அமத்து. எடுத்து இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றி ஒரு தட்டு. அடுத்த கணம் அது இரும்பில். திருப்புவதற்கு அகப்பை இல்லை, கத்தி இல்லை, விரல்தான். அது பூரி போல ஊதி எழும்பும். எழும்பாவிட்டால் அதை ஆருக்கும் கொடுக்கமாட்டாள், ஒரு பக்கமாகப் போட்டுவிடுவாள். அடுத்த நாள் காலையில் அதைத் துண்டு துண்டாகப் பிய்த்துப் பொரித்து, சிவப்புக் குழம்பில் பிரட்டி, மேலே முட்டை உடைத்து ஊற்றித் தருவாள். நாங்கள் மிஞ்சிய இடியப்பத்தை உதிர்த்துக் கொத்துவோமே, அதே புத்தி. உலகத்தில் குசினியில் நிற்கிற பெண்கள் எல்லாருக்கும் பழசை எறிய மனம் வராது போலிருக்கிறது.

வானுக்குள்ளே கரிய கல் ஒன்று இருந்தது. மூன்று கால் வைத்த சிறிய உரல். தக்காளி, வெங்காயம், மிளகாய் எல்லாவற்றையும் தட்டில் போட்டுக் கருகக் கருகச் சுட்டு, அந்தக் கல்லில் குத்துவாள். சுட்ட சம்பல் என்று வைத்துக்கொள்ளுங்கள். கொத்தமல்லி இலையை மேலே தூவுவாள். அந்தக் காலத்தில் கடைகளில் அந்த இலை கிடையாது, வீட்டுப் பின்வளவில் தானே போட்டு வளர்த்தாள். எங்கள் யாழ்ப்பாணச் சமையலில் அதற்குப் பெரிய இடமில்லை. முதல் நாள் மூட்டைப்பூச்சி மணக்கிறது என்று ஒதுக்கி வைத்தேன். மூன்றாம் நாள் கேட்டு வாங்கினேன்.

சோளம் கோழித்தீன் விற்கிற கடையில் வாங்குவாளாம். அதை மேரி சொன்னபோது எனக்கு ஒரு மாதிரியாக இருந்தது. பிறகு லூப்பேயே சொன்னாள், சுண்ணாம்பில் அவித்து ஓர் இரவு ஊறவிட்டுக் கசக்கினால் தோல் எல்லாம் கழன்றுவிடும் என்று. சுண்ணாம்பு என்பதை விளங்கப்படுத்த ஒரு தகரப் பேணியைத் திறந்து காட்டினாள். நான் ஒரு விரலில் தொட்டு, வெற்றிலையில் பூசுவது போலச் செய்து காட்டினேன். அவளுக்கு விளங்கவில்லை. ஆனாலும் சிரித்தாள்.

நாங்கள் இருவரும் பேசியது ஆங்கிலம்தான். இங்கே நான் அதைத் தமிழில் எழுதுகிறேன். தமிழில் எழுதினால்தான் அது இவ்வளவு முழுசாக இருக்கிறது. அவள் நான்கு சொல் வைத்திருந்தாள், நான் நான்கு சொல் வைத்திருந்தேன். எட்டுச் சொல்லில் எவ்வளவோ பேசலாம்.

வேலைத்தலத்தில் எல்லாருக்கும் அவள் சாப்பாடு பிடித்தது என்று சொல்லமாட்டேன். வெள்ளைக்காரருக்காக இறைச்சி வைத்துச் சுட்ட 'பை'யும் ஒரு பெட்டிக்குள் சூடாக வைத்திருந்தாள். எங்கள் ஃபோர்மன் எப்போதும் அதைத்தான் வாங்குவார். ஒரு நாள் வீம்புக்கு அந்தச் சிவப்புக் குழம்பு முட்டையை வாங்கித் தின்று, கண்ணாலும் மூக்காலும் வடிய நின்றார். லூப்பே ஒரு எலுமிச்சம்பழத் துண்டை எடுத்து நீட்டினாள். அடுத்த நாள் அவர் வரிசையில் முதல் ஆள். கிரேக்கர், இத்தாலியர், துருக்கியர் எல்லாரும் ரொட்டியைப் பிய்த்து விரலால் அள்ளித் தின்பார்கள். நான் இந்த நாட்டுக்கு வந்து, ஊர்ச்சனம் பார்க்க முதன்முதல் விரலால் அள்ளிச் சாப்பிட்டது அந்த வாசலில்தான். கரண்டி பிடித்துப் பிடித்து மரத்துப்போயிருந்த கை அது.

முதல் வெள்ளிக்கிழமை நான் வானுக்குப் போகாமல் வாசலடியில் இருந்தேன். லூப்பே ஜன்னலால் எட்டிப் பார்த்துக் கையைக் காட்டிக் கூப்பிட்டாள். போய், "இண்டைக்கு வெள்ளி. இறைச்சி இல்லை, முட்டை இல்லை. கடவுளுக்கு" என்று மேலே கையைக் காட்டினேன்.

அவள் முகம் விரிந்துபோனது. நெஞ்சில் கையை வைத்தாள். "நானும்! வெள்ளி இறைச்சி இல்லை. கத்தோலிக். நானும்!"

எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லமுடியாது. இவ்வளவு தூரம் கடல் கடந்து வந்த இடத்தில், வெள்ளியில் வாயைக் கட்டுகிற இன்னொருத்தி. உடனே பெரிய சட்டியைத் திறந்து காட்டினாள். இத்தாலியன் கடையில் வாங்கிய புள்ளி விழுந்த அவரை விதையை அவித்து, மசித்து, தாச்சியில் போட்டு வதக்கி வைத்திருந்தாள். தங்கள் ஊரில் இது கறுப்பு விதை, இங்கே கிடைக்கவில்லை என்று மனவருத்தப்பட்டாள். சூடான ரொட்டியில் அதை வைத்து, சுட்ட சம்பலும் வைத்துத் தந்தாள். நான் சாப்பிட்ட மரக்கறிச் சாப்பாட்டில் அவ்வளவு ருசியானது வேறு இல்லை. வழுவழுவென்று, தொண்டைக்குள் தானாக இறங்குகிற சாப்பாடு. விரதத்துக்குச் சாப்பிடுகிற சாப்பாடு இவ்வளவு ருசியாக இருந்தால் விரதத்துக்கு மதிப்பு உண்டா என்றுகூட எனக்குக் கவலை வந்தது.

அன்றிலிருந்து ஒவ்வொரு வெள்ளியும் அதுதான். பெரியக்கா ஊரிலிருந்து செத்தல் மிளகாய் அனுப்பினால் பாதியை லூப்பேயிடம் கொடுப்பேன். மணந்து பார்த்து, கண்ணை மூடி, தன் மொழியில் ஏதோ சொல்வாள். வதனியின் ஃபோட்டோவையும் ஒரு நாள் காட்டினேன். நெஞ்சைத் தொட்டு, இருமிக் காட்டி, "மருந்து" என்றேன். அவளுக்கு உடனே விளங்கியது. படத்தை ஈரக் கையால் தொடாமல், கையை சுவெட்டரில் துடைத்துவிட்டு வாங்கிப் பார்த்தாள்.

மாரி பிடித்து, குளிர் எலும்புக்குள் இறங்கியிருந்த கிழமை பெரியக்காவின் கடிதம் வந்தது. இரண்டாம் முறை படம் எடுத்தார்களாம். நிழல் இன்னும் இருக்கிறதாம். மருந்தை மாற்றியிருக்கிறார்களாம். கடிதத்தை இரண்டு முறை எழுத்துக் கூட்டி வாசித்தேன், மூன்றாம் முறை வீட்டுக்காரரை வாசிக்கச் சொன்னேன். ஆர் வாசித்தாலும் அதே நிழல்தான்.

அந்த வெள்ளிக்கிழமையும் வானடியில் நின்று சாப்பிட்டேன். மேரி என் பக்கத்தில் நின்று விரலை நக்கிக்கொண்டு சொன்னாள்: "பன்னிக் கொழுப்புல வதக்குறா பாருங்க, அதான் அக்கா இவ்ளோ ருசி. எண்ணெயில செஞ்சா வராது."

"எதில வதக்கிறவள்?"

"பன்னிக் கொழுப்பு அக்கா. அதோ அந்த வெள்ளை டின்னு. ஏன், உங்களுக்குத் தெரியாதா?"

என் வாயில் அந்தச் சாப்பாடு அப்படியே நின்றது. துப்பினேன். பிறகு ஜன்னலுக்குப் போனேன். எனக்கு முன்னால் வரிசையில் ஏழெட்டுப் பேர் நின்றார்கள், எல்லாரையும் விலக்கிக்கொண்டு போனேன். தட்டத்தை அவளுக்கு முன்னால் குப்பைத்தொட்டியில் போட்டேன்.

"நீ பொய்க்காரி" என்றேன். மற்ற நேரம் வராத ஆங்கிலம் அன்றைக்குத் திறமாக வந்தது. "இறைச்சி இல்லை எண்டனீ. பண்டி! ஒவ்வொரு வெள்ளியும் பண்டி! என்ரை பிள்ளைக்கு நெஞ்சில இன்னும் இருக்கு. உன்னாலை!"

லூப்பே அகப்பையைப் பிடித்தபடி நின்றாள். "இறைச்சி இல்லை" என்றாள். "கொழுப்பு. கொழுப்பு இறைச்சி இல்லை. பாதிரியார் சொன்னவர்."

நான் திரும்பிப் பார்க்காமல் உள்ளே வந்துவிட்டேன். பின்னாலேயே மேரி ஓடி வந்தாள். "அக்கா, அவ பொய் சொல்லல அக்கா. எங்க சர்ச்சுல அப்டித்தான். வெள்ளிக்கிழம மாம்சம்தான் கூடாது, கொழுப்புல வதக்குனா குத்தம் இல்ல. சத்தியமா அக்கா."

எனக்கு அது காதில் ஏறவில்லை. எங்கள் வீட்டில் மீன் கிண்டிய அகப்பையை வெள்ளிக்கிழமைச் சட்டிக்குள் விடமாட்டோம். சட்டியே வேறு, அடுப்பைக்கூட மெழுகிவிட்டுத்தான் மூட்டுவோம். அப்படி வளர்ந்த எனக்குக் கொழுப்பு மச்சமில்லை என்று ஒருத்தி நினைக்கலாம் என்பதே தோன்றவில்லை. அவளுக்கும் அப்படித்தான், கொழுப்பைச் சாப்பிடாதவள் ஒருத்தி இருப்பாள் என்று அவளுக்கு எப்படித் தெரியும்? அவள் விரதம் பிழையில்லை, என் விரதமும் பிழையில்லை. இதெல்லாம் இன்றைக்குச் சொல்கிறேன். அன்றைக்கு எனக்குப் பிள்ளையின் நெஞ்சுதான் தெரிந்தது.

வீட்டுக்கு வந்து அழுதேன். வீட்டுக்காரர் தேத்தண்ணி போட்டுக்கொண்டு வந்து வைத்தார். அவர் போட்ட தேத்தண்ணி எப்போதும் வெறும் சுடுதண்ணிதான், அதுவும் அழுகைக்கு ஒரு காரணம்.

"நீர் தெரியாமல்தானே சாப்பிட்டனீர்" என்றார்.

"சாப்பிட்டது சாப்பிட்டதுதானே, இஞ்சருங்கோ."

"முருகனுக்கு எல்லாம் தெரியுமெண்டு நீர்தான் சொல்லுறனீர். அப்ப உமக்குத் தெரியாதெண்டதும் அவருக்குத் தெரியும்தானே?"

 அப்படிக் கேட்டதற்காக அவரோடும் இரண்டு நாள் பேசவில்லை.

மூன்று கிழமை நான் வாசற்பக்கம் போகவில்லை. மூலையில் இருந்து பாணைக் கடித்தேன். ஒரு நாள் லூப்பே மேரியிடம் சோளத்தோலில் சுற்றி அவித்த கொழுக்கட்டை போல ஒன்றைக் கொடுத்துவிட்டாள். அவிழ்த்தும் பார்க்காமல் திருப்பி அனுப்பினேன். மேரி போகிற வழியில் தானே அதைத் தின்றுவிட்டாள் என்பது பிறகு தெரிந்தது.

மூன்றாம் வெள்ளி. வெளியே மழை. ஸ்மோகோ மணி அடித்து நாங்கள் இருக்க, லூப்பே தொழிற்சாலைக்கு உள்ளே வந்தாள். வான்காரர் உள்ளே வரக்கூடாது என்பது அங்கே சட்டம். ஃபோர்மன் பார்த்தார். எலுமிச்சம்பழத்தை நினைத்தாரோ என்னவோ, வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். தலையெல்லாம் தண்ணீர் ஒழுக அவள் நேரே என் மேசைக்கு வந்து ஒரு கடதாசிப் பையை வைத்தாள். உள்ளே புது இரும்புத் தாச்சி, கடையின் விலைத்துண்டு ஒட்டியபடி. பக்கத்தில் எண்ணெய்ப் பேணி ஒன்று, உடைக்காதது. ஒரு புது அகப்பை.

"நீ திற" என்றாள். "நீ சமை. நான் தொடமாட்டன்."

"எனக்கு வேண்டாம்."

அவள் போகவில்லை. மேசையைச் சுற்றி எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, ஆத்திரமாகவும் இருந்தது. அப்போது மெதுவாகச் சொன்னாள்: "அண்டைக்குப் பிறகு வெள்ளியிலை நானும் கொழுப்புச் சாப்பிடயில்லை. மூண்டு வெள்ளி. உன்ரை பிள்ளைக்கு. பிள்ளை வருமட்டும் நானும்." இரண்டு விரலை உயர்த்திக் காட்டினாள். "ரெண்டு பேர் கேட்டால் கேக்கும்."

நான் தாச்சியைத் தூக்கிக்கொண்டு அவளுக்குப் பின்னால் மழையில் நடந்தேன்.

வானுக்குள் அன்றைக்குத்தான் முதல் முறை ஏறினேன். இரண்டு பேர் நின்றால் மூச்சு முட்டுகிற இடம். ஒரு மூலையில் நீலச் சால்வை போர்த்த மாதாவின் படம், உடம்பைச் சுற்றிச் சூரியக் கதிர். எனக்கு அம்மன் போலத்தான் தெரிந்தது. நானே பேணியை உடைத்தேன். வெங்காயம் வெட்டி, எங்கள் செத்தல் மிளகாயைக் கிள்ளிப் போட்டு, அவித்த விதையைக் கொட்டி மசித்து வதக்கினேன். அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். சொன்ன சொல், தொடவில்லை. முடிந்ததும் ஒரு வாய் தின்றாள். யோசித்தாள்.

"காய்ஞ்சு போச்சு" என்றாள். "ருசி இல்லை."

முன்னால் பத்திரிகை வாசித்துக்கொண்டிருந்த மனுஷன் சிரித்த சத்தம் கேட்டது. அவருக்கும் குரல் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் அறிந்தேன். லூப்பே சொன்னது உண்மைதான், அந்தப் பழைய ருசிக்கு இது கிட்டவும் வராது. ஆனாலும் முழுவதையும் சாப்பிட்டாள். அதற்குப் பிறகு ஒவ்வொரு வெள்ளியும் ஸ்மோகோவுக்கு நான் ஏறி அந்தத் தாச்சியில் வதக்க, அவள் "ருசி இல்லை, ருசி இல்லை" என்று சொல்லிச் சொல்லிச் சாப்பிடுவாள். நான் அவளிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. என் வாய்க்கு அது வராது. பெரிய வெங்காயத்தை அவளுக்குப் பிடித்த மாதிரிக் கருகவிட்டு வதக்கினேன், அவ்வளவுதான்.

வருடம் பிறந்து இரண்டாம் மாதம் பெரியக்காவின் கடிதம் வந்தது. படம் வெளிச்சமாக இருக்கிறது என்று எழுதியிருந்தாள். கடிதத்தைக் கொண்டுபோய் லூப்பேயிடம் காட்டினேன். தமிழ்க் கடிதம், அவளுக்கு என்ன விளங்கும்? ஆனால் வாங்கி, தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, வரிசையில் நின்ற எல்லாருக்கும் தூக்கிக் காட்டினாள்.

அலுவலெல்லாம் முடிந்து, தெரிந்த குடும்பம் ஒன்றோடு வதனி வந்து இறங்கினாள். எட்டரை வயது, எனக்குத் தெரியாத புதுப் பல் இரண்டு. என்னை 'அம்மா' என்று கூப்பிட அவளுக்கு இரண்டு நாள் எடுத்தது. அதைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. வந்த முதல் வெள்ளி, வீட்டுக்காரர் ஸ்மோகோ நேரம் அவளை வாசலுக்குக் கூட்டி வந்தார். லூப்பே வானை விட்டு இறங்கி, ஈரக் கையைத் துடைத்துவிட்டு, பிள்ளையின் முதுகில் காதை வைத்தாள்.

"அவவை மூச்சு விடச் சொல்லு."

சொன்னேன். வதனி பயந்து பயந்து பெரிதாக மூச்சு விட்டாள். லூப்பே இன்னும் ஒருமுறை விடச் சொன்னாள். பிறகு வானுக்குள் ஏறி, பழைய தாச்சியை எடுத்து அடுப்பில் வைத்தாள். வெள்ளை டின்னைத் திறந்து ஒரு பெரிய கரண்டி கொழுப்பை அள்ளி, எங்கள் எல்லாருக்கும் காட்டிவிட்டுப் போட்டாள். அது உருகிச் சத்தமிட்டது. அவரை விதையைக் கொட்டினாள். ஜன்னலில் நின்றபடி, கண்ணை மூடிக்கொண்டு, முதல் வாயைத் தின்றாள். இத்தனை மாதமும் அவள் என்னத்தை விட்டிருந்தாள் என்பது அந்த முகத்தைப் பார்த்தபோதுதான் எனக்குத் தெரிந்தது.

"அம்மா, அது நல்லா மணக்குது. எனக்கும் தரச் சொல்லுங்கோ" என்றாள் வதனி.

நான் ரோட்டுப் பக்கம் திரும்பி, போகிற லொறிகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பிள்ளை சாப்பிட்டு முடிக்குமட்டும் திரும்பவில்லை. நான் அன்றைக்குத் தொடவில்லை, கொடுத்த சொல் முடிந்தாலும் வெள்ளி வெள்ளிதானே. திங்கட்கிழமை, எங்கள் வீட்டில் ஒருநாளும் படாத அந்தப் பண்டிக் கொழுப்பில் வதக்கியதை வாங்கிச் சாப்பிட்டேன். முருகனிடம் அதை மறைக்கவில்லை, வீட்டுக்காரரிடம்தான் மறைத்தேன்.

அடுத்த வருடம் தொழிற்சாலைக்குள்ளேயே சாப்பாட்டுக்கூடம் கட்டினார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் 'பை', வெள்ளைப் பாண், தேத்தண்ணி மெஷின். வாசலில் வான் நிற்கக்கூடாது என்று ஒரு பலகை நட்டார்கள். ஒரு திங்கட்கிழமை மணி அடித்துப் போனேன், வான் இல்லை. அவள் எங்களிடம் சொல்லாமல் போகிறவள் இல்லை. அவளுக்கே அன்று காலையில்தான் சொல்லியிருப்பார்கள். வடக்கே குவீன்ஸ்லாந்துப் பக்கம் போய்விட்டார்கள் என்று மேரி ஆரிடமோ கேட்டுவந்து சொன்னாள். கொஞ்சக் காலத்தில் மேரியும் மலேசியாவுக்குத் திரும்பிப் போனாள். வயர்க் கட்டுகளை வேறு நாட்டில் கட்டத் தொடங்கியதும் தொழிற்சாலையும் போனது. அந்தக் கட்டடத்தில் இப்போது ஆட்கள் வீட்டில் வைக்க இடமில்லாத சாமான்களைப் பூட்டி வைக்கிறார்கள்.

லூப்பேயின் முழுப்பெயர் எனக்குத் தெரியாது. ஒரு படமும் என்னிடம் இல்லை. என் பிள்ளை, அவளுடைய நெஞ்சுப் படம், என் கடிதம் என்று அந்த ஜன்னலடியில் நின்று எட்டுச் சொல்லில் எல்லாவற்றையும் சொல்லித் தீர்த்தேன். அவள் வெராகுரூஸில் ஆரை விட்டுவிட்டு வந்தாள், ஆருடைய மூச்சைக் கேட்க அவளுக்கு ஆசை இருந்தது என்று ஒரு நாளும் நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவளுக்காக நானும் ஏதாவது ஒன்றை விட்டிருப்பேன்.

வான் நின்ற இடத்தில் எண்ணெய்க் கறை ஒன்று கன நாளாகக் கிடந்தது. வேலைக்குப் போகும்போது நான் அதை மிதிக்காமல் சுற்றிப் போவேன். பிறகு ரோட்டுக்குப் புதுத் தார் போட்டார்கள்.